டிவிடி மேல் படம் 2 மி.மீ. விலகி விழுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 70ஆவது பிறந்தநாள் வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 20 டிவிடி எழுதி வைத்திருக்கிறேன். மேலே அவர் படத்தை அச்சிட வேண்டும். வெள்ளைப் பூச்சுள்ள, இங்க்ஜெட்டுக்கான டிவிடிதான். பிரிண்டரின் டிவிடி டிரேயில் வைத்துத்தான் அடிக்கிறேன்.

முதலில் அச்சு அமைப்பில் படத்தின் உள் விட்டம் 45 மி.மீ. என்று இருந்ததால் நடுவில் பெரிய வெள்ளை வளையம் விழுந்தது. 23 ஆக்கினேன், அது சரியாகிவிட்டது. ஆனால் படம் முழுக்க இடப்பக்கம் தள்ளிப் போகிறது. வலது ஓரத்தில் பிறை மாதிரி வெள்ளை, இடது ஓரத்து மை டிரேயில் படிகிறது. அதைத் துடைக்காமல் விட்டால் அடுத்த டிவிடியின் அடிப்பக்கம் கறையாகிவிடும்.

இடம் நகர்த்தும் அமைப்பில் பிளஸ் 2 கொடுத்தால் படம் வலப்பக்கம் வருமா? டிவிடியை வீணாக்காமல், 12 செ.மீ. வட்டமாக வெட்டிய தடித்த காகிதத்தை டிரேயில் வைத்துச் சோதிக்கலாமா? அப்புறம், மை காய எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை விழா. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.