திசை தெரியாத நாயகன்: திரைக்கதை நடுவில் ஏன் தொய்கிறது?

கேள்வி:
வேலை, படிப்பு, உறவு எதிலும் பிடிப்பில்லாத ஒருவனைப் பற்றித் திரைக்கதை எழுதுகிறேன். படித்தவர்கள் நடுவில் சலிக்கிறது என்கிறார்கள். எந்தப் படங்களைக் கூர்ந்து பார்க்கலாம்?

பதில் 1:
வாழ்க்கையில் இலக்கு இல்லாதவனுக்கும் காட்சிக்குக் காட்சி ஒரு சின்னத் தேவை இருக்க வேண்டும்: வாடகைப் பணம், இன்றிரவு தங்க இடம். அது இல்லாமல் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர் கைவிட்டுவிடுவார். ‘பிரான்சஸ் ஹா’ (2012) பாருங்கள். நாயகி பிரான்சஸ் வீடு மாறும்போதெல்லாம் புது முகவரி திரையில் எழுத்தாக வரும். அந்த அலைச்சல்தான் படத்தின் முதுகெலும்பு. கடைசியில் தபால் பெட்டியின் பெயர்ச்சீட்டில் அவள் முழுப்பெயர் அடங்காது, மடித்துச் செருகுகிறாள். வசனமே தேவைப்படவில்லை.

பதில் 2:
ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) அவசியம். வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்த அரசு ஊழியர் முதலில் குடியிலும் கேளிக்கையிலும் அர்த்தம் தேடுகிறார். அந்தத் தோல்விகளை நிதானமாகக் காட்டியதால்தான் பூங்கா கட்டும் முடிவை நம்ப முடிகிறது. அவர் உறுதியெடுத்ததும் படம் நேராகத் துக்க வீட்டுக்குத் தாவிவிடும். மீதியைச் சக ஊழியர்களின் நினைவுகளில்தான் பார்க்கிறோம். உபதேசத்தைத் தவிர்க்க அருமையான வழி.

பதில் 1:
முடிவில் எல்லாம் சரியாகிவிட்டதாகக் காட்டாதீர்கள். ‘தி கிராஜுவேட்’ (1967) கடைசிப் பேருந்துக் காட்சியில் ஓடிவந்த காதலர்களின் சிரிப்பு மங்கும்வரை கேமரா அவர்கள் முகங்களை விடாது. அந்தச் சில விநாடிகளை வெட்டினால் அது வெறும் காதல் வெற்றிப் படம்.