பஞ்சு வைத்துத் தைத்த குயில்ட்: ஏற்காட்டில் துவைத்தால் காயுமா, சேலத்துக்கு இறக்கணுமா?

மலைக்குளிர்:

வணக்கம். ஏற்காட்டு வீட்டில் படுக்கைக்கு விரிக்கிற குயில்ட் மூணு இருக்கு. மூணுமே 90×100 இஞ்ச், உள்ளே இருக்கிற பஞ்சுத் தகடு பருத்தி பேட்டிங்னு சொல்லித்தான் வாங்கினது. ஒண்ணில் சிவப்பும் கருநீலமும் ஒட்டுத் துண்டுகள். இன்னொண்ணு பழசு, அங்கங்கே பழுப்பு வளையம் விழுந்து லேசா பூஞ்சை வாடை அடிக்குது. மூணாவது புதுசு, இன்னும் தண்ணி படலை. மலையில் துவைச்சா மூணு நாள் ஆனாலும் உள்ளே ஈரம் போகமாட்டேங்குது. சேலம் அம்மாப்பேட்டை வீட்டில் 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின் இருக்கு, ஆனா போர் தண்ணி. மெஷினில் போடலாமா, கையில்தான் துவைக்கணுமா? கொடியில் மடிச்சுப் போட்டால் தையல் விட்டுப் போகுதே, அதுக்கு என்ன வழி? கறையும் வாடையும் போகுமா?

ஊடுதையல்:

மெஷினில் தாராளமா போடலாங்க, ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். துவைக்கும் முன்னாடி ஒரு வேலை செய்யுங்க: பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் குயில்ட்டை மாட்டி எடையைக் குறிச்சு வச்சுக்கோங்க. நீங்க சொல்ற அளவுக்கு, மெல்லிய பேட்டிங்கா இருந்தா 2.3 கிலோ பக்கம் வரும். இந்த எண் காயப்போடும்போது உதவும்.

பேட்டிங்குன்னா பஞ்சைத் தகடாக்கி ஊசியால் குத்திக் கோத்தது. அது இடம்விட்டு நகராமல் பிடிச்சு வைக்கிறது குறுக்கும் நெடுக்கும் ஓடுற தையல்தான். தையல் வரிசைக்கு நடுவில் நாலு இஞ்சுக்குள் இருந்தா கவலையில்லை. எட்டு, பத்து இஞ்ச் விட்டுத் தைச்சிருந்தா, அந்தப் பேட்டிங்கில் வலைத்துணி சேர்த்திருந்தால் மட்டும் தாங்கும். இல்லாட்டி நனைஞ்ச பஞ்சு நடுவில் விலகி ஓரத்தில் திரளும். விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க. ஒரே சீரா தெரிஞ்சா துவைக்கலாம், திட்டுத் திட்டா தெரிஞ்சா உள்ளே ஏற்கெனவே விட்டுப் போச்சுன்னு அர்த்தம். பிரிஞ்ச தையல் எதுவா இருந்தாலும் துவைக்கும் முன்னாடியே போட்டுருங்க. ஒரு இஞ்ச் பிரிவு ஒரே துவையலில் ஒரு அடி ஆயிடும்.

டிரம்மில் போட்ட பிறகு மேலே உள்ளங்கையை நிமிர்த்திச் செருகுற அளவு இடம் இருக்கணும். திணிச்சா தண்ணி உள்ளே போகாது, சோப்பு வெளியே வராது. 30 டிகிரி, மென்மையான சுற்று, திரவ டிடர்ஜென்ட் 2 மேசைக்கரண்டி, கூடுதல் அலசல் ஒண்ணு, கடைசியில் 800 சுற்று ஸ்பின். பவுடர் வேண்டாம், கரையாத துகள் பஞ்சுக்குள் தங்கும். துணியை மென்மையாக்குற திரவமும் வேண்டாம், அது இழை மேல மெழுகு மாதிரி படிஞ்சு பஞ்சு தண்ணி உறிஞ்சுறதையே கெடுத்துரும்.

ஸ்பின்னைக் குறைக்காதீங்க. 2.3 கிலோ குயில்ட்டைக் கையால் பிழிஞ்சு எடுத்தா ஆறேழு கிலோ கனக்கும். 800 சுற்றில் பிழிஞ்சா 4 கிலோ பக்கம் வந்துரும். வெயில் விரட்ட வேண்டிய தண்ணி நாலு லிட்டரா, ஒண்ணே முக்கால் லிட்டரா என்பதை முடிவு பண்றதே இந்த ஸ்பின்தான். ஸ்பின்னில் மெஷின் தடதடன்னு குதிச்சு நின்னா நிறுத்திட்டு, குயில்ட்டை வெளியே எடுத்து உதறித் திரும்பப் போடுங்க. ஒரு பக்கமா சுருண்டிருக்கும், அவ்வளவுதான். செமி ஆட்டோமேட்டிக்கில் மட்டும் போடாதீங்க. அடியில் சுத்துற தட்டு துணியை முறுக்கித் தையலை அறுக்கும், ஸ்பின் தொட்டியும் சின்னது.

புதுசு முதல் துவையலில் நூத்துக்கு மூணிலிருந்து அஞ்சு வரை சுருங்கும். 100 இஞ்ச் நீளம் 95 ஆனாலும் ஆச்சரியப்படாதீங்க. மேல்துணி அவ்வளவு சுருங்காததால் தையலைச் சுத்திச் சின்னச் சின்ன மடிப்பு விழும். அது குறை இல்லை, பலர் அதுக்காகவே பருத்தி பேட்டிங் வாங்குறாங்க.

கொடிக்கம்பம்:

சிவப்பு, கருநீலம் இருக்குன்னு சொன்னதால ஒரு வார்த்தை. ஒரு பக்கெட் தண்ணியில் கல் உப்பு ரெண்டு கை, வினிகர் ஒரு டம்ளர் கலந்து ராத்திரி ஊறவச்சா சாயம் பிடிச்சுக்கும். அப்புறம் தைரியமா துவைக்கலாம்.

ஊடுதையல்:

இல்லைங்க, அது சாயம் போடும்போது சாயத்தொட்டியில் உப்புச் சேர்க்கிற வழக்கத்திலிருந்து வந்த பேச்சு. சாயம் ஏறி முடிஞ்ச துணியில் உப்போ வினிகரோ எதையும் பிடிச்சு நிறுத்தாது. ராத்திரி முழுக்க ஊறினா ஒட்டாத சாயம் பக்கத்து வெள்ளைத் துண்டில் போய் உட்காரும். அதுதான் ஆபத்து.

சரியான வழி இது. வெள்ளைத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு சிவப்புத் துண்டு மேல அழுத்தித் தேய்ங்க. நிறம் ஏறினா சாயம் விடும். அப்போ தண்ணி குளிர்ச்சியா இருக்கணும், நிறைய இருக்கணும், ஊற வைக்கக் கூடாது, முடிஞ்சதும் டிரம்மில் விட்டு வைக்கவும் கூடாது. ஒண்ணு கவனிங்க: சேலத்தில் சித்திரை மதியம் மாடித்தொட்டித் தண்ணியே சுடும். விடியற்காலைத் தண்ணியில் போடுங்க. மீறிச் சாயம் பரவினா காய விடாமல், ஈரமாவே திரும்ப அலசணும். காய்ஞ்சா பரவின சாயம் பிடிச்சுக்கும்.

மெத்தைக்கடை வாசல்:

எல்லாம் சரி. உள்ளே இருக்கிறது பேட்டிங்தானான்னு பார்த்தீங்களா? "பஞ்சு"ன்னு சொல்லிக் கொடுக்கிறதில் மூணு வகை உண்டு. ஊசியால் கோத்த தகடு ஒண்ணு. வில்லோ மெஷினோ வச்சு அடிச்சுப் பரப்பின உதிரிப் பருத்தி ஒண்ணு. இலவம் பஞ்சு ஒண்ணு. முதல் வகையை மட்டும்தான் துவைக்கலாம்.

பழசில் ஓரமா அரை இஞ்ச் தையலைப் பிரிச்சு ஒரு சிட்டிகை எடுங்க. விரலில் திரிச்சா நூலா திரண்டா பருத்தி. வழுக்கிக்கிட்டுப் போய் திரளாமல், ஊதினா பறந்தா இலவம். இலவம் இழை உள்ளே குழல், மேலே மெழுகு, தண்ணியில் போட்டா மிதக்கும். அதைத் துவைச்சா கட்டி கட்டியா ஆயிரும், அப்புறம் எந்த வெயிலும் அதைப் பிரிக்காது. உறையைக் கழட்டித் துவைச்சு, பஞ்சை வெயிலில் உலர்த்தித் தட்டி எடுக்கிறதுதான் வழி. உதிரிப் பருத்தியையும் அப்படியே துவைக்காதீங்க. பிரிச்சு, உறையை மட்டும் துவைச்சு, பஞ்சை அடிக்கக் கொடுத்துத் திரும்ப நிரப்பித் தைக்கணும். செலவு வரும், ஆனா புதுசா கிடைக்கும்.

மேல்துணியில் பழைய பட்டுச்சேலையோ வெண்பட்டு வேட்டியோ ஒட்டுப் போட்டிருந்தா அதையும் தண்ணிப்பக்கம் கொண்டு போகாதீங்க. பட்டு ஒரு விதமா சுருங்கும், பருத்தி வேற விதமா சுருங்கும், ஜரிகை கறுக்கும்.

பாறைத்தண்ணி:

போர் தண்ணியைப் பத்தி யாரும் பேசலை. சேலத்துப் போர் தண்ணி பல இடத்தில் உப்பும் கடினமும். சோப்புக் கட்டி போட்டா நுரை வராது, வெள்ளைத் திரையா பிரிஞ்சு பஞ்சுக்குள்ளேயே தங்கிரும். காய்ஞ்ச பிறகு குயில்ட் அட்டை மாதிரி விறைச்சுப் போறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். கட்டி சோப்பு வேண்டாம், டிடர்ஜென்ட் மட்டும். துவைக்கிறதுக்குப் போர் தண்ணி போகட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூர் தண்ணி வர்ற நாளாப் பார்த்து 30 லிட்டர் பிடிச்சு வச்சுக்கோங்க. அதுவும் இல்லாட்டி கடைசி அலசல் தண்ணியில் 15 லிட்டருக்கு 100 மி.லி. வெள்ளை வினிகர். சாயத்துக்குப் பிரயோஜனமில்லாத வினிகர் இங்கே உதவும், தங்கின சோப்புப் படிவைக் கரைக்கும்.

மெஷினுக்குள் அடங்கலைன்னா பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் துவைக்கலாம். முதல்லே ஒரு பழைய பெட்ஷீட்டைத் தொட்டியில் விரிச்சு, அதுமேல குயில்ட்டை வச்சுத் தண்ணி விடுங்க. 20 நிமிஷம் ஊறினா போதும். காலால் மிதிச்சு அழுக்கை இறக்குங்க, கசக்கித் தேய்க்காதீங்க, துவைகல்லில் அடிக்கவே அடிக்காதீங்க. தூக்கும்போது ரெண்டு பேர் பெட்ஷீட்டோட சேர்த்துத் தூக்கணும். நனைஞ்ச குயில்ட்டை மூலையைப் பிடிச்சு இழுத்தா அத்தனை எடையும் அந்த மூலைத் தையலில் தொங்கும்.

மலைக்குளிர்:

நன்றி. பழசைத் திரிச்சுப் பார்த்தேன், நூலா வந்துது, தகடாவும் இருக்கு. பழுப்பு வளையம் எதனால? கறை பட்ட இடத்தை மட்டும் துடைச்சா போதுமா?

ஊடுதையல்:

துடைச்சதாலதான் வளையமே வந்திருக்கும். பருத்தியில் ஒரு இடம் மட்டும் நனைஞ்சா, உள்ளே இருக்கிற பழைய அழுக்கும் பஞ்சோட இயற்கைக் கரைபொருளும் ஈரத்தோடவே ஓரத்துக்கு நகரும். ஈரம் முடியுற எல்லையில் எல்லாம் சேர்ந்து படிஞ்சு பழுப்புக் கோடாகும். ஆகவே பருத்திக் குயில்ட்டில் இடக்கறை எடுத்தாலும் கடைசியில் முழுசா நனைச்சு அலசணும். வெளுக்காத பஞ்சா, விதைத் துகள் புள்ளி புள்ளியா தெரியுறதா இருந்தா வெந்நீரும் காட்டாதீங்க, விதை எண்ணெய் மஞ்சளா இறங்கும்.

பூஞ்சை வாடைக்கு: வெளுத்த பஞ்சு, வெள்ளை அல்லது சாயம் கெட்டியான பருத்தித் துணியா இருந்தால் மட்டும், ஆக்சிஜன் ப்ளீச் (சோடியம் பெர்கார்பனேட்) 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 2, 3 மேசைக்கரண்டி. முதல்லே நல்லா கரைச்சிட்டு அப்புறம் துணி. ஒரு மணி நேரம் போதும். குளோரின் ப்ளீச் வேண்டாம், பருத்தி இழையையே தின்னும். ஆக்சிஜன் ப்ளீச்சும் பட்டில் கூடாது.

மூடுபனி:

காயவைக்கிறது பத்தி நான் சொல்றேன், இந்த விஷயத்தில் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர். ஆனா பிரச்சினை குளிர் இல்லை, ஈரக்காத்து. மூடுபனி இறங்குற நேரம் காத்து கிட்டத்தட்ட ஈரம் நிரம்பின மாதிரி. பருத்தி அந்தக் காத்திலிருந்தே ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கும். காலையிலிருந்து காய்ஞ்சதை சாயங்காலம் நாலு மணிக்கு மேல வெளியே விட்டா பாதி வீணாகும். மூணு மணிக்கே உள்ளே எடுத்து, ஜன்னலை மூடி, ஃபேன் ஓட விடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக் காயுதுன்னு நினைக்கிறதுதான் மலையில் நடக்கிற பெரிய தப்பு. ஒன்றிரண்டு நாளுக்கு மேல உள்ளே ஈரம் தங்கினா பூஞ்சைதான்.

மலையிலேயே துவைக்கிறதா இருந்தா தை, மாசி. எஸ்டேட் களத்தில் காப்பி காயப்போடுற நாளெல்லாம் குயில்ட் காயுற நாள்னு வச்சுக்கோங்க. ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீங்க. சித்திரையிலும் மதியத்துக்கு மேல இடிமழை வரும். மத்த நாளில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்து மொட்டை மாடிக்குக் கொண்டு போறதுதான் சரி. நனைக்காமல் அப்படியே இறக்கிக் கொண்டு போய்க் கீழே துவைச்சுக் காயவைங்க. மேல துவைச்சு, ஈரமா மூட்டைகட்டி டிக்கியில் போட்டுக்கிட்டுப் போகாதீங்க.

ஒத்தைக் கொடியில் மடிச்சுப் போட்டா மடிப்பில் எடை முழுக்க விழுந்து தையல் விடும், தண்ணி கீழ் ஓரத்துக்கு இறங்கி அங்கே பழுப்பாகும். கயித்துக் கட்டில் இருந்தா அதுமேல விரிக்கிறதுக்கு ஈடில்லை, கீழேயும் காத்து போகும். இல்லாட்டி ஒரு அடி இடைவெளியில் மூணு கொடி கட்டி அதுமேல பாய் மாதிரி பரப்புங்க. ஒரே கொடிதான்னா ரெண்டரை இஞ்ச் பிவிசி குழாயை அதில் கோத்து, குழாய் மேல போடுங்க, மடிப்பு அகலமாகும். இரும்புக் கம்பி வேண்டாம், துருக்கறை எந்த ப்ளீச்சுக்கும் போகாது. வெயில் கடுமையா இருந்தா மேலே மெல்லிசா ஒரு வேட்டியைப் போர்த்துங்க, சாயம் வெளிறாது, காக்கை எச்சமும் விழாது. ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டி, உள்ளங்கையால் லேசா தட்டி விடுங்க.

மலைக்குளிர்:

பழசைத் துவைக்கும் முன்னாடி ஏற்காட்டிலேயே எடை போட்டேன், 2.4 கிலோ. சேலத்தில் துவைச்சு மாடியில் ஒரு நாள் காய்ஞ்ச பிறகு தொட்டா மேல சூடா, காய்ஞ்ச மாதிரி இருக்கு. எடை 2.45. ஐம்பது கிராம்தானே, மடிச்சு வச்சிரலாமா?

மூடுபனி:

வேண்டாங்க. உங்க 2.4 என்கிறதே மலை ஈரத்தோட சேர்ந்த எடை. நடுத்தர ஈரக்காத்தில் பருத்தி தன் எடையில் நூத்துக்கு ஏழெட்டு பங்கு தண்ணி வச்சிருக்கும், மூடுபனியில் அதைப் போல ரெண்டு மடங்கு கூட ஏறும். அதனால சேலத்து வெயிலில் உண்மையா காய்ஞ்சா 2.4-க்கும் கீழே, 2.2 பக்கம் இறங்கணும். இப்போ உள்ளே கால் லிட்டர் அளவுக்குத் தண்ணி இருக்கு.

பழைய எடையை மறந்துட்டு இப்படிப் பாருங்க: எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை காய்ஞ்சதான்னு அளந்து எடை போட்டுப் பார்க்கிற மாதிரி, வெயிலில் இருக்கும்போதே ரெண்டு மணி நேர இடைவெளியில் ரெண்டு தடவை எடை போடுங்க. ரெண்டும் ஒரே எண்ணா வந்தா காய்ஞ்சது. இறங்கிக்கிட்டே இருந்தா இன்னும் தண்ணி போய்க்கிட்டிருக்கு.

காய்ஞ்சதும் சூட்டோட மடிக்காதீங்க, நிழலில் அரை மணி ஆறட்டும். பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பழைய பருத்தி வேட்டியில் சுத்தி வைங்க. கஞ்சி போட வேண்டாம், பூச்சி வரும்.

ஊடுதையல்:

மடிக்கும்போது போன தடவை மடிச்ச அதே கோட்டில் மடிக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு வேற மாதிரி மடிங்க. அந்தக் கோட்டில்தான் பேட்டிங் முதல்லே உடையும்.