ஜெர்மன் ஏ2: ‘இன் டீ ஷ்டாட்’டா, ‘இன் டேர் ஷ்டாட்’டா? ஏற்காடு போய் வந்த மெயிலில் எட்டு சிவப்புக் கோடு

ஐந்துரோடு வாசி:
வணக்கம். ஜெர்மன் ஏ2 (அடிப்படையில் இரண்டாம் நிலை) எழுத்துத் தேர்வுக்கு 30-லிருந்து 40 வார்த்தையில் மெயில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏற்காடு போய் வந்ததை எழுதினேன். கீபோர்டு சிக்கல், அதனால் ஜெர்மனையும் தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்:

“லெட்ஸ்டன் ஸொன்டாக் வீர் ஹாபன் மிட் புஸ் நாக் ஏற்காடு கெஃபாரன். வீர் ஹாபன் அவுஃப் டேன் ஸே போட் கெஃபாரன். டோர்ட் ஹாபெ இஷ் ட்ஸூ மைனெம் ஓன்கெல் பெஸூக்ட். ஆம் ஆபென்ட் ஸிண்ட் வீர் இன் டேர் ஷ்டாட் ட்ஸுரூக்கெஃபாரன். உம் ஆக்ட் ஊர் ஸிண்ட் வீர் இன் டீ ஷ்டாட் ஆன்கெகொம்மன்.”

சொல்ல நினைத்தது: போன ஞாயிறு பஸ்ஸில் ஏற்காடு போனோம், ஏரியில் படகில் போனோம், அங்கே மாமாவைப் பார்த்தேன், சாயங்காலம் ஊருக்குத் திரும்பினோம், எட்டு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். திருத்தி வந்ததில் எட்டுக் கோடு, காரணம் ஒன்றுக்கும் இல்லை. புரியாதது மூன்று. (1) படகு நகர்கிறதே, அப்புறம் ஏன் ‘அவுஃப் டேம் ஸே’ (ஏரியில்)? (2) கடைசி இரண்டு வரியிலும் ஊருக்குத்தான் (‘ஷ்டாட்’) வருகிறோம். ஒன்றை ‘டீ’ ஆக்கிவிட்டு மற்றதை ‘டேர்’ ஆக்கியிருக்கிறார்கள். (3) மாமாவைப் பார்க்கப் போனதில் ‘ட்ஸூ’வை ஏன் அடித்தார்கள்?

குப்பனூர் காப்பி:
“நகர்ந்தால் அக்குஸாட்டிவ், நகராவிட்டால் டாட்டிவ்” என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். (இரண்டும் ஜெர்மன் வேற்றுமைகள், அவற்றைப் பொறுத்துத்தான் பெயருக்கு முன்னால் ‘டேன்’, ‘டேம்’ என்று மாறுகிறது.) பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு தொல்லை. நகர்வதும் நகராததும் கணக்கே இல்லை. வெளியிலிருந்து உள்ளே எல்லை தாண்டுகிறீர்களா என்பதுதான் கேள்வி. தாண்டினால் அக்குஸாட்டிவ். ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு எவ்வளவு சுற்றினாலும் டாட்டிவ்.

ஏற்காட்டு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். படித்துறையிலிருந்து தண்ணீருக்குள் படகு இறங்கும் அந்த நொடி ‘அவுஃப் டேன் ஸே’. இறங்கிய பிறகு அரை மணி நேரம் பெடல் மிதித்தாலும் ஏரிக்குள்தான் இருக்கிறீர்கள், ‘அவுஃப் டேம் ஸே’. அண்ணா பூங்காவுக்குள் நுழைந்தால் ‘இன் டேன் பார்க்’, உள்ளே நடந்தால் ‘இம் பார்க்’ (இன் + டேம்).

நாம் இதில் தடுமாறக் காரணம் நம் ‘எங்கே’. “எங்கே இருக்கீங்க?”, “எங்கே போறீங்க?” இரண்டுக்கும் ஒரே சொல். ஜெர்மனில் முதலாவது ‘வோ’, இரண்டாவது ‘வோஹின்’, “எங்கேயிருந்து” என்றால் ‘வோஹேர்’. வாக்கியத்தை எழுதுமுன் இந்த மூன்றில் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வோ’ என்றால் டாட்டிவ், ‘வோஹின்’ என்றால் அக்குஸாட்டிவ்.

இந்த விளையாட்டு ஒன்பது முன்னிடைச்சொற்களுக்கு (பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொற்கள்) மட்டும்: இன், ஆன், அவுஃப், யூபர், உன்டர், ஃபோர், ஹின்டர், நேபன், ட்ஸ்விஷன். மிட், நாக், ட்ஸூ, ஃபோன், அவுஸ், பை எல்லாம் எப்போதும் டாட்டிவ், கேள்வியே வேண்டாம். டுர்ஷ், உம், ஃபூர், ஓனெ, கேகன் எப்போதும் அக்குஸாட்டிவ். “ஏரியைச் சுற்றி நடந்தோம்” என்றால் ‘உம் டேன் ஸே’. நம் ‘ஐ’ உருபும் அங்கே பொருந்திவருவது தற்செயல்தான், அதை விதியாக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. ‘டேர் ஸே’ என்றால் ஏரி, ‘டீ ஸே’ என்றால் கடல். ஆண்பால் பெண்பாலாக மாறினால் ஏற்காட்டில் கடல் வந்துவிடும்.

தட்டுவடை செட்:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். ‘ஆன்கொம்மன்’ என்பதை “வந்தேன்” என்று மனசில் வைக்காதீங்க, “வந்து இறங்கினேன்” என்று வைங்க. “சேலத்துல வந்து இறங்கினோம்.” பாருங்க, தமிழ்லயே ‘இல்’ வந்துடுச்சு. ஜெர்மன்காரனும் அப்படித்தான் பார்க்கிறான். வந்து சேருவது ஓர் இடத்தில் நடக்கிற காரியம், ‘வோ’வுக்குப் பதில், அதனால் டாட்டிவ்: ‘இன் டேர் ஷ்டாட்’ (‘ஷ்டாட்’ பெண்பால்), ‘ஆம் பான்ஹோஃப்’ (ரயில் நிலையத்தில்). ‘லான்டன்’ (விமானம் இறங்குவது), ‘பார்கன்’ (வண்டி நிறுத்துவது), ‘யூபர்நாக்டன்’ (ராத்தங்குவது) எல்லாம் இதே கூட்டம். ‘ட்ஸுரூக்ஃபாரன்’ அப்படியில்லை, அது திசை. எதை நோக்கி? ‘வோஹின்’. ஆகவே அக்குஸாட்டிவ், ‘இன் டீ ஷ்டாட்’.

ஆனா இந்தத் தமிழ் வழியை எல்லா இடத்திலும் நீட்டினா மாட்டிக்குவீங்க. “பஸ்ஸுல ஏறினேன்” என்று நாம ‘இல்’ போடுறோம். அங்கே ‘ஐன்ஷ்டைகன்’ எல்லை தாண்டுவது, ‘இன் டேன் புஸ்’. இறங்குவது ‘அவுஸ் டேம் புஸ்’. ‘உம்ஷ்டைகன்’ல இரண்டும் ஒன்றாக வரும்: ஈரோட்டில் கோவை ரயிலுக்கு மாறினால் ஊர் ‘இன் ஈரோடு’, மாறுகிற வண்டி ‘இன் டேன் ட்ஸூக்’.

ஐந்துரோடு வாசி:
“வந்து இறங்கினோம்” நன்றாகப் பிடிபட்டது. மாமா இன்னும் பாக்கி.

மலைப்பாதை20:
மாமாவிடம் வருகிறேன். ‘பெஸூகன்’ வினையில் முன்னால் ஒட்டியிருக்கிற ‘பெ’தான் காரணம். இடத்தையோ ஆளையோ குறிக்கும் வினையில் அது ஒட்டினால் பெரும்பாலும் முன்னிடைச்சொல்லை விழுங்கிவிட்டு நேரே அக்குஸாட்டிவ் கேட்கும். பெஸூகன் (ஆளைப் போய்ப் பார்ப்பது), பெஸிஷ்டிகன் (கோயில், கோட்டை சுற்றிப்பார்ப்பது), பெஷ்டைகன் (மலை ஏறுவது) மூன்றும் அப்படி. “மாமாவைப் பார்த்தேன்”: ‘இஷ் ஹாபெ மைனன் ஓன்கெல் பெஸூக்ட்’. “மாமா வீட்டுக்குப் போனேன்” என்றால் ‘ட்ஸூ மைனெம் ஓன்கெல்’. “மாமா வீட்டில் இருந்தேன்” என்றால் ‘பை மைனெம் ஓன்கெல்’. நீங்கள் முதலாவதையும் இரண்டாவதையும் ஒரே வரியில் கலந்துவிட்டீர்கள்.

துணைவினைகளான ஹாபன், ஸைன் (‘ஸிண்ட்’ இதன் வடிவம்) விஷயத்தை மேலே யாரும் தொடவில்லை. உங்கள் எட்டுக் கோட்டில் இரண்டு அதுதான். பெர்ஃபெக்டில் (நடந்து முடிந்ததைச் சொல்லும் காலம்) இடம் மாறும் வினைகளுக்கு ‘ஸைன்’: கெஃபாரன் (வண்டியில் போனது), கெகாங்கன் (நடந்து போனது), கெஃப்ளோகன் (பறந்தது), கெரைஸ்ட் (பயணம் செய்தது), உம்கெஷ்டீகன் (வண்டி மாறியது). இடம் மாறாவிட்டாலும் ‘கெப்ளீபன்’ (தங்கியிருந்தது), ‘கெவேஸன்’ (இருந்தது) இரண்டும் இந்தக் கட்சி. யூபர்நாக்டட், கெவோன்ட் (குடியிருந்தது), பெஸூக்ட், பெஸிஷ்டிக்ட் எல்லாம் ‘ஹாபன்’. முக்கியமாக, இந்தச் சோதனையை மேலே சொன்ன எல்லைச் சோதனையோடு குழப்பாதீர்கள். படகு வரியில் பெயர்ச்சொல் டாட்டிவ், ஆனால் வினை ‘ஸைன்’: ‘வீர் ஸிண்ட் அவுஃப் டேம் ஸே போட் கெஃபாரன்’. ஒன்று ஏரியைப் பற்றிய கேள்வி, மற்றது வினையைப் பற்றியது. அதேபோல் ‘அவுஃப் டேன் பெர்க்’ ஏறினால் ‘ஸைன்’, அதே மலையை ‘பெஷ்டைகன்’ செய்தால் ‘ஹாபன்’. கால் வலி இரண்டிலும் ஒன்றுதான்.

மிச்சக் கோடுகள் சின்னவை. ‘மிட் புஸ்’ கிடையாது, ‘மிட் டேம் புஸ்’. புஸ், ட்ஸூக் (ரயில்), அவுட்டோ (கார்), ஃப்ளூக்ட்ஸொய்க் (விமானம்) எல்லாம் ‘டேம்’. ஊ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (நகர ரயில்), ஷ்ட்ராஸன்பான் (டிராம்), ஃபேரெ (பயணிகள் படகு) எல்லாம் பெண்பால், ‘டேர்’. நடை மட்டும் ‘ட்ஸூ ஃபூஸ்’, ஆர்ட்டிகிள் (‘டேம்’, ‘டேர்’ மாதிரி முன்னால் வரும் சொல்) இல்லை. முதல் வரியில் வினை இரண்டாவது இடத்துக்கு வரணும்: லெட்ஸ்டன் ஸொன்டாக் ஸிண்ட் வீர். அதற்குப் பிறகு வருவது நம் வரிசையேதான். ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில், ஏற்காட்டுக்கு, போனோம். காலம், விதம், இடம், கடைசியில் ‘கெஃபாரன்’. இந்த ஓர் இடத்தில் தமிழ் நமக்கு இலவசம்.

ஜவ்வரிசி:
ஒரு குறுக்குவழி: ‘டேம், இம், ஆம்’ சொல்லும்போது உதடு மூடும். மூடினால் அங்கேயே இருக்கிறோம், மூடாவிட்டால் போகிறோம். ஆண்பாலுக்கும் அஃறிணைக்கும் இது போதும்.

குப்பனூர் காப்பி:
அந்த ஒன்பதுக்குள் மட்டும் போதும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ட்ஸும் பான்ஹோஃப்’ போகும்போதும் உதடு மூடுகிறதே!

பன்மை இன்னும் மோசம். ‘இன் டேன் பெர்கன்’ என்று வந்தால் உதடு மூடவில்லை, ஆனால் அது “மலைகளில்”, டாட்டிவ். பன்மை டாட்டிவுக்கும் ஆர்ட்டிகிள் ‘டேன்’தான். அடையாளம் பெயர்ச்சொல்லின் வாலில் இருக்கிறது, ஒரு ‘ன்’ கூடியிருக்கும். “மலைகளுக்குப் போகிறோம்” என்றால் ‘இன் டீ பெர்கெ’, “மலைகளில் இருக்கிறோம்” என்றால் ‘இன் டேன் பெர்கன்’. ‘எஸ்’ஸில் முடியும் பன்மைக்கு அந்த ‘ன்’ ஒட்டாது: ‘இன் டேன் ஹோட்டெல்ஸ்’. சேர்வராயன் மலையைப் பற்றி எழுதினால் இந்த வரி கட்டாயம் வரும்.

தட்டுவடை செட்:
தமிழ் உருபை நம்பி ஏமாறும் வினைகளையும் எழுதி வச்சுக்கோங்க. “கண்டக்டர்கிட்ட கேட்டேன்”, ஜெர்மன்ல ‘ஃப்ராகன்’ அக்குஸாட்டிவ். “அவருக்கு ஃபோன் பண்ணினேன்”, நாம ‘கு’ போடுறோம், ‘ஆன்ரூஃபன்’ அக்குஸாட்டிவ். “அவரைப் பின்தொடர்ந்தேன்”, நாம ‘ஐ’ போடுறோம், ‘ஃபோல்கன்’ டாட்டிவ். நம்பலாம்னா ‘ஹெல்ஃபன்’, ‘டாங்கன்’, ‘கெஃபாலன்’: அவருக்கு உதவினேன், அவருக்கு நன்றி சொன்னேன், எனக்குப் பிடிச்சது. மூணும் ‘கு’, மூணும் டாட்டிவ். “ஏற்காடு எனக்குப் பிடிச்சிருந்தது”: ‘ஏற்காடு ஹாட் மீர் கெஃபாலன்’.

நாடுகளுக்கு ‘நாக்’ போதும். ஆர்ட்டிகிள் உள்ள நாட்டுக்கு மட்டும் ‘இன்’: இன் டீ ஷ்வைட்ஸ் (சுவிட்சர்லாந்து), இன் டீ ட்யூர்கை (துருக்கி), இன் டேன் ஈரான், இன் டீ ஊ எஸ் ஆ (அமெரிக்கா). வீட்டுக்குப் போவது ‘நாக் ஹவுஸெ’, வீட்டில் இருப்பது ‘ட்ஸூ ஹவுஸெ’. இந்த ஒன்றை யோசிக்காம மனப்பாடம் பண்ணிடுங்க.

ஐந்துரோடு வாசி:
எல்லாருக்கும் நன்றிங்க. மறுபடி எழுதினேன், ஒரு வரி கூடுதலாக:

“லெட்ஸ்டன் ஸொன்டாக் ஸிண்ட் வீர் மிட் டேம் புஸ் நாக் ஏற்காடு கெஃபாரன். வீர் ஸிண்ட் அவுஃப் டேம் ஸே போட் கெஃபாரன். டோர்ட் ஹாபெ இஷ் மைனன் ஓன்கெல் பெஸூக்ட். ஆம் ஆபென்ட் ஹாபன் வீர் லாங்கெ அவுஃப் டேம் புஸ் கெவார்ட்டட். டான் ஸிண்ட் வீர் இன் டீ ஷ்டாட் ட்ஸுரூக்கெஃபாரன் உண்ட் உம் ஆக்ட் ஊர் இன் டேர் ஷ்டாட் ஆன்கெகொம்மன்.”

பஸ்ஸுக்கு நின்றது ஓர் இடத்தில்தானே, அதனால் ‘டேம்’ போட்டேன். சரியா?

மலைப்பாதை20:
பழைய எட்டும் சரியாகிவிட்டது. ‘ஷ்டாட்’ இரண்டு முறை வருவது நெருடுகிறது, இரண்டாவதை ‘ஆம் புஸ்பான்ஹோஃப்’ ஆக்குங்கள், டாட்டிவ் அப்படியே நிற்கும்.

புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ‘வார்ட்டன் அவுஃப்’ என்பதில் ‘அவுஃப்’ இடத்தைச் சொல்லவில்லை. வினையோடு ஒட்டிப் பிறந்தது, எப்போதும் அக்குஸாட்டிவ். ‘ஸிஷ் ஃப்ரொயன் அவுஃப்’ (எதிர்பார்த்து மகிழ்வது), ‘டென்கன் ஆன்’ (நினைப்பது) இரண்டும் அதே ரகம், வோவும் வோஹினும் கேட்கக் கூடாது. ‘அவுஃப் டேன் புஸ்’ என்று மாற்றுங்கள். இப்போது இருக்கிறபடி படித்தால், நீங்கள் எல்லாரும் சாயங்காலம் பஸ் கூரை மேல் ஏறி உட்கார்ந்து காத்திருந்தீர்கள் என்று ஆகிறது. கீழே இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, பார்த்துக்கோங்க.