எழும்பூர்ல இருந்து மயிலாப்பூர், ஸ்ட்ரோலரோட எப்படி போறது?

சனிக்கிழமை கபாலீஸ்வரர் கோயில் போயிட்டு அப்படியே மெரினாவும் பாக்கணும், மத்தியானம் நடை சாத்திடுவாங்கன்னு சாயங்காலமா பிளான். ரூம் எழும்பூர் ஸ்டேஷன் பக்கம். கூட 3 வயசு பையன், ஸ்ட்ரோலர், முட்டி வலியோட அம்மா. ஆட்டோ, கார்ல ஏறுனாலே பையனுக்கு வாந்தி, ட்ரெயின்ல மட்டும் வராது, அது என்ன கணக்கோ!

சென்ட்ரல்ல மாறி கவர்மெண்ட் எஸ்டேட் வரைக்கும் மெட்ரோல போய் பாத்தோம், நல்லாதான் இருந்துச்சு ஆனா அங்கிருந்து பீச்சுக்கு அம்மாவால நடக்க முடியல. பஸ்ல கூட்டம், ஸ்ட்ரோலர மடிச்சு வைக்கக்கூட இடமில்ல. எலக்ட்ரிக் ட்ரெயின்ல பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, கொஞ்சம் நடந்து பார்க் டவுன்ல பறக்கும் ரயில் புடிச்சா மயிலாப்பூர்ல இருக்குற திருமயிலை ஸ்டேஷன்னு மேப் சொல்லுது, எத்தன படின்னு அது சொல்லாதே.

சமீபத்துல குழந்தையோட போனவங்க சொல்லுங்க, இந்த ரூட்ல ஸ்ட்ரோலர தூக்காம, லிஃப்ட்லயே போய் வர முடியுமா?