அரசுக் கணினிக் கையேட்டை யுனிகோடுக்கு மாற்ற முடியவில்லை, உதவுங்கள்

மும்பை தாராவியில் மாலை நேரத்தில் பெண்களுக்குக் கணினி சொல்லித் தருகிறோம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தமிழ் வீடியோக்கள் வகுப்பில் நன்றாகவே கைகொடுக்கின்றன. வீட்டில் படிக்கத்தான் தாள் வேண்டும்.

பழைய அரசுப் பயிற்சிக் கையேடு ஒன்று பிடிஎஃப்பாகக் கிடைத்தது, 120 பக்கம். திரையில் தமிழ் சரியாகத் தெரிகிறது. பெரிய எழுத்தில் அச்சடிக்க லிப்ரெஆபீஸ் ஆவண மென்பொருளில் ஒட்டினால் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குவியல். பொதுப்பணத்தில் உருவான பாடம், படிக்க வேண்டியவர் கைக்குப் போகாமல் நிற்கிறது.

என் கணினியில் இருப்பது உபுண்டு 22.04 (லினக்ஸ்). மூன்று வாரமாக முட்டி மோதுகிறேன். நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை யுனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டர் போட்டு, டாப், டாம், பாமினி என்ற பழைய குறியாக்கங்கள் மூன்றும் பார்த்தாச்சு. ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் ஓசிஆர் ஓரளவு படிக்கிறது, ஆனால் துணைக்காலையும் 'ர'வையும் குழப்புகிறது. கோப்பின் விவரத்தில் எழுத்துருப் பெயரும் இல்லை.

பெயரே தெரியாத எழுத்துருவின் குறியாக்கத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?