செம்புத் தகட்டில் ஊர் வரைபடம் வெட்டுவது: சில சந்தேகங்கள்

திருமணிமுத்தாறு:
சேலம் கோட்டை, சுகவனேசுவரர் கோயில், செவ்வாய்ப்பேட்டை மூன்றும் அடங்கும்படி 1:5000 அளவில் 45 × 30 செ.மீ. தாளில் அச்சிடுவதற்காகச் செம்புத் தகடு ஒன்றைப் பழைய முறையில் வெட்ட வேண்டும். தாளில் வரைந்ததைத் தகட்டில் எப்படி ஏற்றுவது? நம்மூர் வெள்ளிப் பட்டறைகளில் பூ வெட்டும் உளியே போதுமா?

செப்பேடு:
தகட்டைச் சூடாக்கி வெள்ளை மெழுகை மெல்லிசாகப் பூசி ஆறவிடுங்கள். பென்சில் வரைபடத்தைக் கவிழ்த்து வைத்து முதுகில் அழுத்தித் தேய்த்தால் கோடுகள் இடம்வலம் மாறி மெழுகில் ஒட்டும். அவற்றின் மேல் ஊசியால் செம்பில் லேசாகத் தடம் போட்டுவிட்டு மெழுகை எடுத்துவிடலாம். மெழுகு தடித்தால் ஊசி வழுக்கும், தெருக்கள் கோணும்.

வெட்டிய பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுத்தான் அச்சிடுவோம். வெள்ளியில் பளபளப்புக்காகப் போடும் அகல வெட்டில் மை நிற்காது, துடைக்கும்போதே வந்துவிடும். ‘வி’ வடிவப் பள்ளம் விழும் பியூரின் உளிதான் வேண்டும். உளியை நிமிர்த்திப் பிடித்தால் முனை குத்தி ஒடியும். ரொம்பச் சாய்த்தால் வழுக்கித் தகட்டைக் கீறிவிடும். வளைவுக்குக் கையைத் திருப்பாதீர்கள், மணல் அடைத்த தோல் மெத்தையில் தகட்டைத் திருப்புங்கள். ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டாவிட்டால் கோட்டைச் சுற்றி மை கசியும்.

பிராகாரம்:
எழுத்தை முதலில் வெட்டுங்கள், நிழல்கோடுகளை (நிழல் காட்ட நெருக்கமாகப் போடும் கோடுகள்) பிறகு. மாற்றிச் செய்தால் தெருப்பெயர் கோடுகளுக்குள் மூழ்கிவிடும். 1748-இல் வந்த, இத்தாலிய நில அளவையாளர் நொல்லியின் ரோம் வரைபடம் 12 தகடுகள். அதில் வீடுகள் நிழல்கோடு. தெருக்களோடு தேவாலயங்களின் உள்பகுதியும் வெள்ளை. சுகவனேசுவரர் பிராகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

கோட்டைமேடு:
தெரு தவறிப்போனால் தகடு வீணாகாது. அந்த இடத்தைச் சுரண்டி, பின்பக்கத்தில் காலிப்பரால் (தகட்டை இருபுறமும் கவ்வும் கவைக் கருவி) அதே புள்ளியைக் குறித்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டி மட்டமாக்கி, மெருகேற்றி மறுபடி வெட்டலாம். தட்டாமல் விட்டால் அங்கே குழி நிற்கும், அச்சில் கறையாகத் தெரியும்.

அளவு விஷயத்தில் கவனம்: தாளை ஈரமாக்கித்தான் அச்சிட வேண்டும், காய்ந்ததும் அது சுருங்கும், அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே மாதிரி அல்ல. 1:5000 என்று எண்ணை மட்டும் பொறித்தால் அச்சில் அது பொய்யாகிவிடும். அளவுகோலைப் படமாகவே தகட்டில் வெட்டுங்கள், தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.