வெபர் என்ற பெயரை எங்கெல்லாம் சந்தித்தீர்கள்?

ஜெர்மனியில் வீட்டு அழைப்பு மணிப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் இது. பிளஸ் டூ இயற்பியலில் காந்தப் பாயத்தின் அலகாக மட்டும் எனக்குத் தெரிந்திருந்த வெபரைக் கோட்டிங்கன் நகரில் சிலையாகப் பார்த்தேன். கணித மேதை காஸ் உட்கார்ந்திருக்கிறார், வில்ஹெல்ம் வெபர் பக்கத்தில் நிற்கிறார். 1833-இல் இருவரும் வானாய்வகத்துக்கும் இயற்பியல் கூடத்துக்கும் நடுவே, கூரைகளுக்கும் தேவாலயக் கோபுரத்துக்கும் மேலாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தந்தி அனுப்பினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1837-இல் நடந்தது. ஹனோவர் மன்னர் அரசியலமைப்பை ரத்து செய்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்ட ஏழு கோட்டிங்கன் பேராசிரியர்களில் வெபரும் ஒருவர். கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களும் அந்த ஏழு பேரில் உண்டு. எல்லாருக்கும் வேலை போனது. வெபர் அங்கே மறுபடி பேராசிரியர் ஆனது 1849-இல்தான். இதையெல்லாம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

—

நீங்கள் சொல்வது தம்பியை! உளவியல் படித்த எங்களுக்கு வெபர் என்றால் அண்ணன் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ்தான், லைப்சிக் பல்கலைக்கழகத்துக்காரர். செய்முறை வகுப்பில் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் எடை வைப்பார்கள். கால் கிலோ இருக்கும்போது சட்டென்று தெரிந்த சிறு கூடுதல், இரண்டு கிலோ இருக்கும்போது எனக்குத் தெரியவே இல்லை. கூடுவது எவ்வளவு என்பதல்ல, ஏற்கெனவே இருப்பதில் அது எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. அவர் கண்டுபிடித்ததும் அதுவே.

மூன்றாவது சகோதரர் எடுவார்டும் சளைத்தவரில்லை. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு குறையும், நின்றும் போகும் என்று 1845-இல் அண்ணனும் இவரும் சேர்ந்து காட்டினார்கள்.

—

அக்கா, டிரெஸ்டனில் வந்து வெபர் என்று சொல்லிப் பாருங்கள், இசையமைப்பாளர் கார்ல் மரியா ஃபான் வெபரைத்தான் காட்டுவார்கள். இது வேறு குடும்பம். மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் இவருக்குப் பெரியப்பா மகள் முறை. 1826-இல் லண்டனில் இறந்தவரின் உடலை 1844-இல்தான் டிரெஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னின்று, கல்லறையில் உரையும் ஆற்றியவர் இசையமைப்பாளர் வாக்னர்.

கார்ல் மரியாவின் மகன் மாக்ஸ் மரியா ரயில்வே பொறியாளர், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியவர். சமூகவியல்காரர்கள் சண்டைக்கு வரும் முன் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாக்ஸ் வெபர் 1864-இல் எர்ஃபர்ட்டில் பிறந்தவர், ஆள் வேறு.